வார்த்தை புரியாமல் கேட்டால் பாட்டு முழுசாகப் போய்ச் சேருமா?

காவிரிக்கரை:
இந்த வருடத் திருவையாறு ஆராதனையில், தியாகராஜரின் ஐந்து பெரிய கீர்த்தனைகளான பஞ்சரத்னம் பாடும் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். கௌளை ராகத்துக் 'துடுகு கல' வந்தது. தன் குற்றங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, 'இப்படிப்பட்ட என்னை எந்த ராஜகுமாரன் காப்பாற்றுவான்' என்று தியாகராஜர் குமுறுகிற பாட்டு அது. சுற்றி இருந்தவர்கள் தாளம் போட்டு மலர்ந்த முகத்துடன் பாடிக்கொண்டிருந்தார்கள். குறை சொல்லவில்லை, போன வருடம் வரை நானும் அப்படித்தான் பாடினேன். அதற்கும் இந்த வருடத்துக்கும் நடுவில், தெலுங்கு தெரிந்த ஒருவர் வரிவரியாகப் பொருள் சொல்லிக் கொடுத்தார். இந்த முறை பாதியில் குரல் அடைத்துவிட்டது. வார்த்தை புரியாதவருக்குப் பாட்டில் பாதிதான் கிடைக்கிறது.

நாயனப்பிரியன்:
ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் ஊரில் சுவாமி புறப்பாட்டுக்குக் நாயனத்தில் (நாதஸ்வரத்தில்) கம்பீர நாட்டை ராகத்து மல்லாரி வாசிப்பார்கள். அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. சுவாமி வெளியே வருவதற்கு முன்பே உடம்பு சிலிர்த்துவிடும். சொல்லே இல்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனைக்கு என்ன பொருள் சொல்வீர்கள்?

காவிரிக்கரை:
மல்லாரிக்குச் சொல் இல்லை, சரி. அதே நாயனக்காரர் சொல்லுள்ள கிருதி வாசிக்கும்போது கவனியுங்கள். நல்ல வித்வானுடைய துத்துக்காரம், அதாவது நாக்கால் காற்றை வெட்டி ஊதும் முறை, சாகித்தியத்தின் (பாட்டு வரிகளின்) எழுத்துகளை ஒட்டியே விழும். பாட்டு தெரிந்தவர்கள் காதில் அது வார்த்தையாகவே கேட்கும்.

அரும்பு:
உள்ளே வரலாமா? தாலாட்டை யோசித்துப் பாருங்கள். யார் அடித்து அழுகிறாய், மாமன் அடித்தாரா என்று அம்மா கேட்டுக்கொண்டே போவாள். மூன்று மாதக் குழந்தைக்கு மாமன் யார், அடி என்றால் என்ன, எதுவும் தெரியாது. ஆனாலும் தூங்குகிறது. அந்த வார்த்தைகள் அம்மாவுக்கு. பிறந்த வீட்டு நினைப்பை அவள் இறக்கி வைக்க வேறு இடம் இல்லை. ஒரே பாட்டில் மெட்டு ஒருவருக்கு, சொல் ஒருவருக்கு.

நாயனப்பிரியன்:
அருமை, அரும்பு. நான் சொல்வதும் இதுதான், மெட்டு மட்டுமே போய்ச் சேர முடியும். பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் தாய்மொழி கன்னடம், தமிழ் சுத்தமாகத் தெரியாது. 'வருகலாமோ' கேட்டுக் கண் கலங்கியதை நானே பார்த்தேன். மாஞ்சி ராகம் அவரிடம் மொழி கேட்கவில்லை.

காவிரிக்கரை:
அந்தக் கண்ணீர் உண்மையானது. ஆனால் எதற்காக வந்த கண்ணீர்? பிறந்த சாதியைக் காட்டி வெளியே நிறுத்தப்பட்டவன் நந்தன். சிதம்பரத்து நடராஜனைப் பார்த்து, 'நான் வரலாமா' என்று அனுமதி கேட்கிறான். பக்தன் சாமியிடம் போக எதற்கு ஐயா அனுமதி? கோபாலகிருஷ்ண பாரதி அந்தக் கொடுமை முழுவதையும் ஒரு கேள்விக்குள் வைத்துவிட்டார். மாஞ்சி துக்கத்தைக் கொண்டுவரும். யாருடைய துக்கம், யார் கொடுத்த துக்கம் என்று சொல்ல அந்தச் சொல் வேண்டும். அது தெரியாமல் கேட்டால் நந்தன் கண்ணில் படாமலே போய்விடுவான். 1940களில் தமிழிசை இயக்கத்தார் மேடையில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்று கேட்டார்கள். 'இசைக்கு ஏது மொழி' என்றுதான் அவர்களுக்குப் பதில் வந்தது. எனக்கு அந்தப் பதில் அன்றைக்கும் போதாது, இன்றைக்கும் போதாது.

அரும்பு:
ஆனால் பொருள் மட்டும் சொன்னாலும் நந்தன் வரமாட்டான். 'நான் வரலாமா' என்று உரைநடையில் படித்தால் யார் அழுவார்கள்? அந்த 'மோ'வில் குரல் தயங்கி நிற்கிறதே, அங்கேதான் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

நாயனப்பிரியன்:
நந்தன் விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை, காவிரிக்கரை. இத்தனை வருடம் மாஞ்சியை மட்டும்தான் கேட்டிருக்கிறேன் போல. மல்லாரியை விட்டுக்கொடுக்க மாட்டேன், அது வேறு. பஞ்சரத்னத்தில் வராளிக் கிருதிக்கும் பொருள் எழுதுங்கள். படிக்காமல் ஒருமுறை கேட்டுவிட்டு, அப்புறம் படித்துவிட்டு ஒருமுறை கேட்கிறேன்.