நறநறத்த தொடை: காற்றில்லாச் சூழலில் வளரும் பாக்டீரியா, உங்கள் அனுபவம்?

வார்டுக்காரர்:
இயந்திரத்தில் நசுங்கிய தொடை. தையல் போட்டு ஒரு நாள்கூட ஆகவில்லை. தோல் வெளிறி மினுமினுத்தது, வீக்கம் கொஞ்சம்தான்; வலியோ ஊசிக்கும் அடங்கவில்லை. கட்டைப் பிரித்தால் சீழ் இல்லை, கலங்கல் தண்ணீர். காயத்துக்கு நாலு விரல் மேலே அழுத்தியதும் தோலுக்கடியில் வாயுக்குமிழி நறநற. தையலெல்லாம் பிரித்துப் பார்த்தால் தசை வெந்த இறைச்சி நிறம். கிள்ளினால் சுருங்கவில்லை, வெட்டினால் ரத்தம் இல்லை. ரத்தம் கசியும் தசை வரும்வரை வெட்டி, புண்ணை மூடாமல் விட்டார்கள். பெனிசிலினோடு கிளிண்டாமைசின், இரண்டும் ஆன்டிபயாடிக்.

ஊதாக்குச்சி:
அந்தத் தண்ணீரைக் கிராம் ஸ்டெயின் (சாயமேற்றி நுண்ணோக்கியில் பாக்டீரியாவைப் பார்ப்பது) செய்தீர்களா? இதே மாதிரி ஒரு ஸ்லைடில் தடித்த, முனை மழுங்கிய ஊதாக் குச்சிகள் மொய்த்தன. வெள்ளணு தேடினாலும் கிடைக்கவில்லை. தசையை வாயுவோடு அழுகவைக்கும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற காற்றில்லா பாக்டீரியாவின் நஞ்சு வெள்ளணுவை அழிக்கும், மிச்சத்தை ரத்தக்குழாயிலேயே தேக்கிவிடும். சீழ் இல்லாதது அதனால்தான். ஸ்போர் (பாக்டீரியாவின் உறங்கும் வித்து) தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள், திசுவில் அது பெரும்பாலும் தெரியாது. கிளிண்டாமைசின் சேர்ப்பதும் நஞ்சு உற்பத்தியை நிறுத்தத்தான்.

கல்ச்சர்மேசை:
நறநறத்தாலே கிளாஸ்ட்ரிடியம் என்று முடிவுகட்டுவது சரியில்லை சார். சர்க்கரை நோயாளியின் காலில் ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற, காற்றிலும் வளரும் பாக்டீரியாவும் வாயு உண்டாக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிக் கழுவிய புண்ணிலும் எக்ஸ்ரேயில் காற்று தெரியும்.

எங்கள் லேபுக்கு வந்தது ஒரு பாதப்புண். நாற்றம் அறை முழுக்க, கல்ச்சரில் (பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் சோதனை) "வளர்ச்சி இல்லை". சாதாரண ஸ்வாப் (பஞ்சுக்குச்சி), அதுவும் ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில்! வேறென்ன வளரும்?

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மேல்தோலை நன்றாகத் துடைத்துவிட்டு, ஆழத்திலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சுங்கள். உள்ளே உள்ள காற்றை வெளியேற்றி, ஊசியைக் கழற்றி மூடிபோட்டு அனுப்புங்கள். அரை மணிக்குள் லேபுக்குப் போகாதென்றால் காற்றில்லா டிரான்ஸ்போர்ட் மீடியம் (மாதிரியைக் காற்றுப்படாமல் கொண்டுபோகும் ஊடகம்) வேண்டும். வெட்டியெடுத்த திசுத் துண்டு இதைவிட மேல். ஃபிரிட்ஜ் வேண்டாம், அறை வெப்பநிலையே போதும். லேபிலும் காற்று நீக்கிய வளர்ப்பு ஜாரை 48 மணி நேரத்துக்கு முன் திறக்காதீர்கள். மெதுவாக வளர்பவை பாதியில் செத்துப்போகும். அதே மாதிரியைச் சாதாரணக் காற்றிலும் வளர்த்துப் பாருங்கள், இல்லையென்றால் காற்றில்லாமல்தான் வளர்கிறதா என்று எப்படித் தெரியும்?

ஊதாக்குச்சி:
அதற்காகக் கல்ச்சருக்குக் காத்திருந்தால் அந்தத் தொடை போயிருக்கும். கிராம் ஸ்டெயின் சில நிமிட வேலை.

கடிகாயம்:
நாற்றம் இல்லையென்றால் காற்றில்லா வகை இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் காற்றில்லா வகைக்கான மருந்து மட்டும் போதும் என்றும் இருந்துவிட முடியாது. மனிதப் பல் பட்ட விரல்முட்டி ஒன்று, அந்த வகை மருந்தான மெட்ரோனிடசோல் மட்டும் கொடுத்து வீக்கம் மணிக்கட்டு வரை ஏறியது. வளர்ந்தது ஐகெனெல்லா என்ற, காற்றிலும் வளரக்கூடிய வாய்ப் பாக்டீரியா, அதற்கு மெட்ரோனிடசோலும் கேட்காது, கிளிண்டாமைசினும் கேட்காது. மூட்டைத் திறந்து கழுவி, அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டுக்கு மாற்றிய பிறகுதான் இறங்கியது.