சாளையில் கிடக்கும் பி.எஸ்.ஏ. எம்20: சாமான் தேடிச் சேர்த்து ஓட்ட முடியுமா?

காங்கேயத்துக்காரன்:
வணக்கங்க. எங்கள் தோட்டத்துச் சாளையில் தேங்காய் மட்டைக்கு அடியில் அப்பாருவின் பி.எஸ்.ஏ. கிடக்கிறது, பழைய இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள். வால்பாறை எஸ்டேட்டை விட்டுச் சீமைக்குக் கிளம்பிய ஒரு துரையிடம் வாங்கியதாம். பட்டாளத்து வண்டி, எம்20 என்பது மட்டும் தெரியும். பிரேம், முன்சக்கரத்தைப் பிடிக்கும் கர்டர் போர்க், கியர் பாக்ஸ், சக்கரம் இரண்டும் இருக்கின்றன. இன்ஜின் தனியாகச் சாக்கில் கிடக்கிறது. பிளக்குக்குப் பொறி கொடுக்கும் மேக்னெட்டோ, டைனமோவோடு ஒரு பிஸ்கட் டப்பாவில். டேங்க், கார்புரேட்டர், சைலன்சர் இல்லை. சித்தப்பா எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார். எங்கள் ஊர் மெக்கானிக், "போல்ட்டெல்லாம் மெட்ரிக்குக்கு மாத்தி, புல்லட் சாமான் போட்டு ஓட்டிரலாங்க" என்கிறார். சரிப்படுமா? எதில் ஆரம்பிப்பது?

கோபி ராயல்:
எடைக்குப் போட்டால் அட்ரஸ் சொல்லுங்க, நானே வந்து தூக்கிக்கிறேன்! புல்லட்டிலிருந்து உங்களுக்கு நேராக உதவுவது டயரும் டியூபும்தான். இரண்டிலும் 3.25-19. மற்றபடி இது 496 சி.சி. சைடு வால்வ், அதாவது வால்வ் சிலிண்டருக்குப் பக்கத்தில்; புல்லட் 346 சி.சி. ஓவர்ஹெட் வால்வ், வால்வ் மேலே. கம்பெனியே வேறு.

சிங்காநல்லூர் டர்னர்:
தம்பி, அந்த மெக்கானிக் கையில் மரை வெட்டும் டேப் செட்டை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

எம்20-இல் பெரும்பாலான போல்ட்டுகள் 'சைக்கிள்' என்கிற பழைய இங்கிலீஷ் மரை. அங்குலத்துக்கு 26 சுற்று, 60 டிகிரி. அலுமினியக் கேஸில் இறங்கும் ஸ்டட்டுகளில் விட்வொர்த் என்கிற இன்னொரு இங்கிலீஷ் மரை வரும், அது 55 டிகிரி. அதில் மெட்ரிக் போல்ட்டை விட்டால் முதலில் அழகாகப் போகும். பிறகு இறுகும். உடனே நம் ஆள் ஸ்பேனரில் பைப்பை மாட்டி இழுப்பார். கிராங்க் கேஸ் போச்சு. போல்ட் இல்லையென்றால் கடைந்துகொள்ளலாம். மரை வெட்ட அங்குலக் கணக்கில் லீட் ஸ்க்ரூ உள்ள பழைய லேத், நம்ம கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் இன்னும் ஓடுகிறது. கியர் மாற்றி 26 போடத் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பிடித்தால் போதும்.

ஸ்பேனரும் அப்படித்தான். கால் இஞ்ச் விட்வொர்த் ஸ்பேனரின் வாய் 13.3 மி.மீ. பதின்மூன்று ஏறாது, பதினான்கு வழுக்கி போல்ட் தலையை உருண்டையாக்கிவிடும். அதில் குத்தியிருக்கும் அளவு தலைக்கானது அல்ல, தண்டுக்கானது. புதிதாகத் தேடி அலைய வேண்டாம். நம் பஞ்சாலைகளில் பாதி மெஷின் இங்கிலீஷ் மெஷினாக இருந்தது, ஸ்பேனர்களும் அதோடு வந்தவை. உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் கிளறினால் சிக்கும்.

அடுத்து அந்த பிஸ்கட் டப்பா. உங்களிடம் இருப்பதில் விலை மதிப்பான சாமான் அதுதான். லூகாஸ் மேக்டைனோ: கீழே மேக்னெட்டோ, அதன் முதுகில் பட்டை போட்டுக் கட்டிய 6 வோல்ட் டைனமோ. மேக்னெட்டோவின் ஆர்மேச்சரை, அதாவது உள்ளே சுற்றும் கம்பிச் சுருளை, உருவும் முன் பிளக் வயர் வரும் பிக்கப்பையும், பாடியில் உள்ள சேஃப்டி ஸ்க்ரூவையும், எர்த் பிரஷையும் கழற்ற வேண்டும். ஒன்றை மறந்து இழுத்தாலும் ஸ்லிப் ரிங் உடையும். உருவிய உடனே காந்தத்தின் இரு முனைக்கும் குறுக்கே ஒரு இரும்புத் துண்டை வைத்துவிடுங்கள், இல்லையென்றால் காந்தம் பலம் குறையும். டைனமோவை நம் ஊர் மோட்டார் ஒயின்டிங் கடையில் கொடுக்கலாம். மேக்னெட்டோ ஆர்மேச்சரைக் கொடுக்காதீர்கள். பம்ப் மோட்டார் கட்டுகிற கைக்கு அந்த மயிரிழைக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று நிற்காது. அதற்கென்றே மேக்னெட்டோ கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டும்போது உள்ளே இருக்கும் கண்டென்சரையும் மாற்றச் சொல்லுங்கள். பழைய கண்டென்சரோடு வண்டி காலையில் சமர்த்தாகக் கிளம்பும், சூடேறியதும் பல்லடம் ரோட்டில் நின்றுவிடும், ஆறினால் மறுபடி கிளம்பும். ஆளாளுக்குக் கார்புரேட்டரைக் குடைவார்கள்.

கார்புரேட்டர் அமல் 276. போர்க்காலத்தில் பர்மிங்ஹாம் ஸ்மால் ஹீத் தொழிற்சாலையில் இந்த வண்டி சுமார் 1,26,000 செய்தார்கள், அதனால் சீமையில் இன்றைக்கும் சாமான் புதிதாகவே செய்து விற்கிறார்கள். டேங்க் மட்டும் அசலாகத் தேடுங்கள். பெயின்ட் கடைசி வேலை. குரோம் பூசி மினுக்க வேண்டாம், பட்டாளத்துக்குப் போன வண்டிக்கு ரிம் கூட பெயின்ட்தான்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஆர்.சி. புக். அது இல்லாவிட்டால் ஒரு ரூபாய் செலவு செய்யாதீர்கள், நீங்கள் செய்வது வண்டியல்ல, ஷோ கேஸ் பொம்மை. 2021 விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டி, அசல் வடிவத்தில் இருந்தால் வின்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், நம்பரில் வி.ஏ. என்று வரும். தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. புல்லட் சாமானைத் திணித்தால் அசல் வடிவம் எங்கே இருக்கும்? பிரேம் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் முதலில் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் படியுங்கள். கிரைண்டர் வேண்டாம்.

சூலூர் வாசு:
இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்க. ஒன்றாக இருந்தால் சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க. பி.எஸ்.ஏ.வில் பிரேமுக்கும் இன்ஜினுக்கும் வேறு வேறு எண்தான் குத்துவார்கள். "மேட்சிங் நம்பர்" என்று கூடுதல் விலை கேட்கிற புரோக்கர்கள் பெருகிவிட்டார்கள். அப்புறம், இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலை அமல் கார்புரேட்டர் கப்பில் மாதக்கணக்கில் விட்டுவைத்தால் வெள்ளை வெள்ளையாகப் பூத்து ஜெட் அடைத்துக்கொள்ளும். நிறுத்தும்போது பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு ஓடவிட்டு அணையுங்க.
விஞ்ஞானி ஜி.டி. நாயுடு, ஒரு ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் 300 ரூபாய்க்கு ஒரு ரட்ஜ் பைக் வாங்கிப் பிரித்துப் போட்ட ஊருங்க இது. உங்க சித்தப்பாவிடம் சொல்லிப் பாருங்க.

காங்கேயத்துக்காரன்:
சித்தப்பாவிடம் சொன்னேன். "அவருக்குத் திருப்பிப் பூட்டத் தெரிஞ்சுதுல்ல" என்கிறார். எண்ணைத் துடைத்துப் பார்த்தேங்க. பிரேமில் டபிள்யூ.எம்.20 என்று ஆரம்பிக்கிறது. இன்ஜினில் எம்.21 என்று இருக்கிறது. ஏமாந்துவிட்டாரா அப்பாரு?

சிங்காநல்லூர் டர்னர்:
ஏமாறவில்லை. எம்21 அதே குடும்பம், அதே 82 மி.மீ. போர் (சிலிண்டர் அகலம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) மட்டும் 94-க்குப் பதில் 112, சுமார் 600 சி.சி. பிரேமில் அப்படியே உட்காரும், இழுவை கூடுதல். வால்பாறை ஏற்றத்துக்கு அந்த துரையே மாற்றியிருக்கலாம். இனிப் பார்க்க வேண்டியது, ஆர்.சி.யில் எந்த இன்ஜின் எண் ஏறியிருக்கிறது என்பதைத்தான். எம்21 எண்ணே இருந்தால் நேராக ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகலாம். புக் எங்கே இருக்கிறது?

காங்கேயத்துக்காரன்:
அப்பத்தா பீரோவில் பத்திரக் கட்டோடு இருக்குமாம். சாவி சித்தப்பாவிடம்.