வண்டி நின்னா அம்பு திரும்பிக்குது, 100 அடி ரோட்டுல புள்ளி தாவுது: ஜிபிஎஸ் போச்சா?

தென்காசி மெக்கானிக்:

எல்லாருக்கும் வணக்கம். சென்னைக்கு வந்து நாலு மாசம் ஆகுது. வீடு வீடாப் போய் ஆர்.ஓ. தண்ணி பில்டர் சர்வீஸ் பண்ற வேலை. ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது வீடு. ஊர் பழக்கமில்ல, கூகுள் மேப்பை நம்பித்தான் பொழப்பு ஓடுது. இப்ப அதுவே காலை வாருது.

ஒண்ணு, வண்டிய நிறுத்திட்டு மேப்பைப் பாத்தா நீல அம்பு நான் பாக்குற பக்கம் காட்டுறதே இல்ல. "நேரா போ"ங்குது, ஆனா எது நேர்னே தெரியல. ரெண்டு தடவை ஒன்வேல எதிர்ல ஏறி வசவு வாங்கியாச்சு.

ரெண்டு, கோயம்பேட்டுல இருந்து அசோக் நகர் பக்கம் 100 அடி ரோட்டுல வரும்போது புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவிடும். வடபழனியில மேம்பாலம் ஏறணுமா, கீழயே போகணுமான்னு கடைசி நொடில மாத்தி மாத்திச் சொல்லுது.

மூணு, கஸ்டமர் அனுப்புற லொகேஷனுக்குப் போனா வேற தெருவுல நிக்கிறேன்.

பதினஞ்சாயிரம் ரூபா ஆண்ட்ராய்டு போன், ரெண்டு வருஷம் ஆச்சு. பக்கத்துக் கடைல காட்டினேன். "ஜிபிஎஸ் ஐசி போச்சு, போர்டு வேலை, 4,500 ஆகும்"னாங்க. போன் வாங்கினதே தவணைல. மாத்தலாமா வேணாமா?

பாட்டரி 2%:

முதல்ல ரீஸ்டார்ட் பண்ணுங்க ப்ரோ. ப்ளே ஸ்டோர்ல ஜிபிஎஸ் பூஸ்டர்னு ஆப் நிறைய இருக்கு, போட்டா சிக்னல் ஏறும். டேட்டா வீக்கா இருந்தாலும் இப்படித்தான் ஆகும், சிம் மாத்திப் பாருங்க.

கல்லும் சங்கிலியும்:

ரீஸ்டார்ட் சரி. பூஸ்டர் வேண்டாம் தம்பி. வானத்துல 20,200 கிலோமீட்டர் உயரத்துல இருந்து வர்ற சிக்னலை ஒரு ஆப் எப்படிக் கூட்டும்? கூட்டுறது விளம்பரத்தை மட்டும்தான். டேட்டாவும் இதுக்குக் காரணமில்ல. ஜிபிஎஸ் சிக்னல் வாங்கறதுக்கு சிம்மே வேண்டாம், ஏரோபிளேன் மோடுலயும் வாங்கும். டேட்டா இருந்தா முதல் தடவை இடம் பிடிக்கிறது சீக்கிரம் நடக்கும், மேப் படம் இறங்கும், டிராபிக் தெரியும். அவ்வளவுதான்.

நான் 26 வருஷம் சர்வே வேலை பாத்தவன். கடைக்காரர் சொன்னதுக்கு அவசரப்படாதீங்க. நீங்க சொன்ன மூணும் ஒரே கோளாறு இல்லைன்னு தோணுது. இதுக்குப் பதில் சொல்லுங்க:

அம்பு தப்பாக் காட்டுறது வண்டி நிக்கும்போது மட்டுமா, ஓடும்போதுமா? மொட்டை மாடில நின்னா புள்ளியைச் சுத்தி வெளிர்நீல வட்டம் பெருசா வருதா, சின்னதா? போனுக்கு என்ன கவர்?

தென்காசி மெக்கானிக்:

ஐயா, பாத்துட்டுச் சொல்றேன். நின்னா தப்பு. கிளம்பி பத்துப் பதினஞ்சு மீட்டர் உருண்டதும் தானாச் சரியாயிடுது. அதுக்குள்ள தப்பான பக்கம் திரும்பியிருப்பேன், அதான் சிக்கல். மாடில வட்டமே தெரியல, புள்ளி மட்டும் கரெக்டா எங்க வீட்டு மேல நிக்குது.

கவர் பர்ஸ் மாதிரி மடிக்கிற கவர். உள்ள ஏடிஎம் கார்டு வைக்கலாம். வண்டில ஹோல்டர்ல மாட்டும்போது மூடிய பின்பக்கம் மடிச்சு விட்டுருவேன்.

கல்லும் சங்கிலியும்:

அந்த மூடியைப் பூட்டுறது பட்டனா, காந்தமா?

தென்காசி மெக்கானிக்:

காந்தம்... ஐயா, புரிஞ்ச மாதிரியும் இருக்கு, புரியாத மாதிரியும் இருக்கு.

கல்லும் சங்கிலியும்:

ஜிபிஎஸ் நீங்க எங்க இருக்கீங்கன்னுதான் சொல்லும். எந்தப் பக்கம் பாத்து நிக்கிறீங்கன்னு அதுக்குத் தெரியாது. ஓடும்போது முந்தின இடம் இது, இப்ப இடம் இதுன்னு அடுத்தடுத்துப் பாத்துப் போற திசையைக் கண்டுபிடிச்சிரும். நின்னுட்டா அந்த வழி கிடையாது. அப்ப போனுக்குள்ள இருக்கிற திசைமானியைக் கேக்கும். அது பூமியோட காந்தத்தை அளக்குற சின்னச் சில்லு. நம்ம சென்னைல அந்தக் காந்தம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா, ரொம்ப மெல்லிசு. மூடியைப் பின்னால மடிச்சா உங்க கவர் காந்தம் போன் முதுகுல ஒட்டிக்கிட்டு நிக்கும். அது பக்கத்துல பூமி சொல்றது எங்க கேக்கும்?

சென்சார் அளவைக் காட்டுற இலவச ஆப் ஏதாவது ஒண்ணு போட்டு, காந்தப்புலம்னு இருக்கிற எண்ணைப் பாருங்க. கவரோட ஒரு தடவை, கழட்டிட்டு ஒரு தடவை. வண்டிப் பக்கத்துல வேண்டாம், இரும்பு இல்லாத இடத்துல.

தென்காசி மெக்கானிக்:

ஐயா!!! மூடி திறந்து முன்னாடி தொங்கினா 61. பின்னால மடிச்சா 700 தாண்டுது. கவரைக் கழட்டினா 42.

வீட்டுல பாக்கும்போது மூடி திறந்தே இருக்கும், அதனால ஒழுங்காக் காட்டும். வண்டில மடிப்பேன், கெட்டுப்போகும். நாலு மாசமா சென்னை ரோட்டைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

கல்லும் சங்கிலியும்:

கழட்டினதும் ஒரு தடவை சரிப்படுத்தணும். மேப்ல நீலப் புள்ளியைத் தொட்டா திசைமானியைச் சரிசெய்ய வழி வரும். இல்லேன்னா போனைக் கையில வெச்சு காத்துல 8 போடுங்க, மூணு நாலு தடவை. புள்ளிக்கு முன்னாடி டார்ச் வெளிச்சம் மாதிரி விசிறி ஒண்ணு தெரியும் இல்லையா, அது அகலமா இருந்தா போனுக்கே திசை சந்தேகம்னு அர்த்தம். குறுகினா சரி.

பாட்டரி 2%:

சரி ஐயா, பூஸ்டர் வாபஸ் 😅 ஆனா ரெண்டாவது பிரச்சினை? துல்லியமான இருப்பிடம்ங்கிற அனுமதி ஆஃப்ல இருந்தாலும் புள்ளி தாவும். ஆண்ட்ராய்டு 12-ல இருந்து தோராயமா, துல்லியமான்னு தனித்தனியாக் கேக்குது.

கல்லும் சங்கிலியும்:

நல்ல யோசனை, பாக்க வேண்டியதுதான். ஆனா அது ஆஃப்ல இருந்தா எல்லா இடத்துலயும் தப்பு வரணும், ஊர் முழுக்கப் பெரிய வட்டம் வரணும். இவருக்கு மாடில கச்சிதமா நிக்குது. தப்பு வர்றது 100 அடி ரோட்டுல மட்டும். அந்த ரோட்டுக்கு மேல என்ன இருக்கு?

வடபழனி ஆட்டோ:

மெட்ரோ இருக்கு சார், வேற என்ன! கோயம்பேட்டுல இருந்து ஆலந்தூர் வரைக்கும் தலைக்கு மேல காங்கிரீட்டு. வடபழனி சிக்னல்ல மேம்பாலம், அதுக்கும் மேல மெட்ரோ. கீழ சர்வீஸ் ரோட்டுல நிக்கிறவனுக்கு வானமே தெரியாது, அப்புறம் சேட்டிலைட்டு எப்புடி தெரியும்.

கல்லும் சங்கிலியும்:

அண்ணன் சொன்னதுதான் விஷயம். இடம் கணக்குப் போட குறைஞ்சது நாலு செயற்கைக்கோள் தெரியணும். ஒவ்வொண்ணுல இருந்தும் சிக்னல் வர எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பாத்துத்தான் தூரம் கணிக்குது. நேரா வராம காங்கிரீட்டுலயும் கண்ணாடிக் கட்டடத்துலயும் பட்டுத் திரும்பி வந்தா, கூடுதலா வந்த தூரத்தையும் சேத்துக் கணக்குப் போட்டுரும். சிக்னல் ஒரு நானோ நொடில 30 சென்டிமீட்டர் போகுது. நூறு நானோ நொடி லேட்டா வந்தா ஒரு செயற்கைக்கோளோட தூரத்துல 30 மீட்டர் பிழை. அதான் உங்க புள்ளி பக்கத்துத் தெருவுக்குப் போகுது. திறந்த வானத்துக்குக் கீழ நல்ல போன் ஏறக்குறைய 5 மீட்டருக்குள்ள சொல்லும்.

மேம்பாலம் இன்னும் மோசம். ஜிபிஎஸ்ல உயரக் கணக்கு எப்பவுமே பக்கவாட்டுக் கணக்கைவிடத் தள்ளாட்டம். மேல போறீங்களா, கீழ போறீங்களான்னு அதுக்கு நிச்சயமாத் தெரியாது. மேப் ஒரு ரோட்டை ஊகிச்சு அது மேல உங்களை ஒட்டிவிடுது. ஊகம் தப்பினா, பாலத்து மேல இருக்கிறதா நெனச்சுக்கிட்டு "400 மீட்டர் நேரா"ம்பான், நீங்க கீழ சிவப்பு விளக்குல நிப்பீங்க.

எல்1, எல்5ன்னு ரெண்டு அலைவரிசை வாங்குற போன்ல இந்தப் பட்டுத் திரும்புற தொல்லை கொஞ்சம் குறையும். 2018-ல இருந்தே அப்படிப் போன்கள் வருது. ஜிபிஎஸ் மாதிரி நம்ம இஸ்ரோவோட நாவிக்கும் எல்5-ல வருது. அதுக்காக இப்பவே போன் மாத்தச் சொல்லல. அடுத்த தடவை வாங்கும்போது கேட்டுப் பாருங்க. அதுலயும் மெட்ரோவுக்குக் கீழ அதிசயம் நடக்காது.

வடபழனி ஆட்டோ:

தம்பி இதுக்கு நான் சொல்றேன். கோயம்பேட்டுல இருந்து வரும்போது சாலிகிராமம் போணும்னா பாலம் ஏறாதே. கீழ சிக்னல், அங்கதான் ஆற்காடு ரோட்டுக்கு ரைட்டு. அசோக் பில்லர், கத்திப்பாரா போறதுன்னா மட்டும் ஏறு. இத மனசுல வச்சிக்கினா அங்க மேப்பே தேவயில்ல. ஆற்காடு ரோட்டுல மெட்ரோ ரெண்டாம் கட்ட வேலைக்கு அப்பப்போ வழி மாத்தி விடுவான், அது மேப்புக்கு உடனே தெரியாது. போர்டப் பாத்துப் போ.

இன்னொண்ணு. மேப்புல கார் படத்த மாத்தி டூவீலர் போட்டியா? நெறைய பசங்க கார்லயே ஓட்டிக்கினு இருக்கான்.

தென்காசி மெக்கானிக்:

அண்ணே, டூவீலர்லதான் வெச்சிருக்கேன். பாலம் வந்தா "மேம்பாலத்தில் ஏறவும்"னு சில இடத்துல சொல்லுது, சில இடத்துல சொல்லல.

கல்லும் சங்கிலியும்:

மேம்பாலத்தைச் சொல்றது 2024-லதான் இந்திய நகரங்களுக்கு வந்தது. வடபழனியில அதையும் முழுசா நம்ப வேண்டாம். பாலத்துக்கு அரை கிலோமீட்டர் முன்னாடியே, வானம் தெரியுற இடத்துல, ஓரமா நிறுத்தி ரூட்டை ஒரு தடவை விரிச்சுப் பாத்துக்குங்க.

பார்சல் அக்கா:

மூணாவதைப் பத்தி யாருமே பேசலையே. நான் அஞ்சு வருஷமா ஸ்கூட்டில பார்சல் போடுறேன், எனக்கு அதுதான் தினசரி தலைவலி.

தம்பி, கஸ்டமர் வாட்ஸ்அப்ல லொகேஷன் அனுப்புறப்ப எங்க உக்காந்து அனுப்பினார்னு கேட்டீங்களா? போன மாசம் ஒருத்தர் லொகேஷன் கிண்டில காட்டுச்சு. போய் நின்னு போன் பண்ணா, "வீடு விருகம்பாக்கம்மா, நான் ஆபீஸ்ல இருந்து அனுப்பினேன்"ங்கிறார். தற்போதைய இடம்னு அமுக்கினா அவர் இருக்கிற இடம்தான் வரும், வீடு எப்படி வரும்!

வீட்டுல இருந்தே அனுப்பினாலும் நாலாவது மாடி பெட்ரூம்ல படுத்துக்கிட்டு அனுப்புவாங்க. அனுப்புற பட்டனுக்குக் கீழயே "60 மீட்டர் வரை துல்லியம்"னு சின்ன எழுத்துல வந்திருக்கும், யார் படிக்கிறா? 60 மீட்டர்னா நம்ம தெருக்கள்ல பின்தெரு. அதனால நான் முன்னாடியே கேட்டுருவேன்: "வாசல் கேட்டுக்கு வந்து, அரை நிமிஷம் நின்னுட்டு அனுப்புங்க சார்."

அட்ரஸ்ஸை டைப் பண்ணித் தேடுறீங்கன்னா கதவு எண்ணைப் பாத்துக்குங்க. சென்னைல பழைய எண், புதிய எண்ணு ரெண்டு இருக்கு. பழைய 14, புதிய 31னு இருக்கும். கஸ்டமர் ஒண்ணு சொல்வார், மேப்ல இன்னொண்ணு இருக்கும். 31-ம் நம்பர் கேட்டைத் தட்டினா அது பழைய 31, வேற ஆளு. எந்த எண்ணுன்னு கேட்டு வாங்குங்க. அப்புறம் பேட்டைக்குப் பேட்டை ஒரு காந்தி தெரு, ஒரு முதல் குறுக்குத் தெரு. ஏரியாவும் பின்கோடும் போடாம தேடாதீங்க.

போய்ச் சேந்த வீட்டை அப்பவே அந்த கேட்டு முன்னாடி நின்னு மேப்ல சேமிச்சு, பேர் போட்டு வெச்சுக்குங்க. உங்களுக்குத்தான் மூணு மாசத்துக்கு ஒரு தடவை திரும்ப சர்வீஸ் வருமே.

தென்காசி மெக்கானிக்:

அக்கா, சேமிக்கிறது தோணவே இல்ல. நான் நோட்டுல "பச்சை கேட், நாய்"னு எழுதி வெச்சிருக்கேன்.

பார்சல் அக்கா:

நாயை விட்டுறாதீங்க, அது மேப்ல வராது.

கல்லும் சங்கிலியும்:

பிளஸ் கோடுன்னு ஒண்ணு இருக்கும்மா. மேப்ல ஒரு இடத்தை அழுத்திப் பிடிச்சா கூட்டல் குறியோட சில எழுத்து வரும். ஏறக்குறைய 14 மீட்டருக்கு 14 மீட்டர் கட்டம். தெருப் பேரே இல்லாத இடத்துக்கு அது உதவும்.

ஹோல்டர் பத்தியும் ஒரு வார்த்தை. வண்டி அதிர்வு சில போன் கேமராவைக் கெடுக்கும்னு 2021-ல ஆப்பிளே எச்சரிச்சது. ரப்பர் வெச்ச ஹோல்டர் பாருங்க. கையில புடிச்சுப் பாத்துக்கிட்டே ஓட்டாதீங்க.

தென்காசி மெக்கானிக் (எட்டு நாள் கழிச்சு):

நிலவரம் சொல்ல வந்தேன்.

கவரைக் கழட்டி சாதா ரப்பர் கவர் 120 ரூபாய்க்கு வாங்கினேன், 8 போட்டேன். அம்பு இப்ப நான் பாக்குற பக்கம் பாக்குது. போர்டு வேலை கேன்சல்.

வடபழனி இன்னும் தாவுது, ஆனா ஆட்டோ அண்ணன் சொன்ன மாதிரி சாலிகிராமத்துக்குக் கீழயே போறேன். ஒரு தடவை மேப் "திரும்பவும், திரும்பவும்"னு கத்துச்சு, கண்டுக்கல. வானம் தெரிஞ்சதும் அடங்கிடுச்சு.

அக்கா, இதுவரைக்கும் 41 வீடு சேமிச்சாச்சு. வாசல்ல நின்னு அனுப்பச் சொன்னா ஒருத்தர் மட்டும், "ஏன், நான் என்ன செக்யூரிட்டியா"ன்னு கேட்டார். மத்தவங்க அனுப்பிடுறாங்க.

பாட்டரி 2%:

அந்தப் பழைய கவர் சும்மாதானே கிடக்கு? எனக்குத் தர்றீங்களா?

தென்காசி மெக்கானிக்:

அதுல இருந்த காந்தத்தை வெட்டி எடுத்துட்டேன் ப்ரோ. ரூம் பிரிட்ஜ்ல கரண்ட் பில்லைப் புடிச்சுக்கிட்டு இருக்கு. கவர் மட்டும்னா வந்து எடுத்துக்குங்க, லொகேஷன் அனுப்புறேன். வாசல்ல நின்னு.