முன்னாள் படைவீரர்களும் ஓய்வுபெற்ற விளையாட்டு வீரர்களும் ஒரே குழுவில்: பேச்சு வட்டத்தை எப்படி நடத்துவது?

கேள்வி (புதுவட்டம்):
படையிலிருந்து ஓய்வு பெற்ற ஏழு பேர், போட்டி விளையாட்டை விட்ட ஐந்து பேர். வாரம் ஒரு நாள் ஒன்றரை மணி நேரம், ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில். முதலில் பயிற்சி, பிறகு வட்டமாக உட்கார்ந்து பேச்சு. நடத்தப்போகும் இருவரும் இதே பாதையில் வந்து தேறியவர்கள், மனநலப் படிப்பு இல்லை. மூன்று சந்தேகங்கள். நேரத்தை எப்படிப் பிரிப்பது? ஒருவர் போர்க்கள நினைவை விலாவாரியாகச் சொல்ல ஆரம்பித்தால் தடுக்கலாமா? எந்தக் கட்டத்தில் மருத்துவரிடம் அனுப்புவது?

பதில் 1 (கூடத்துக்காரர்):
பயிற்சி 30 நிமிடம், பேச்சு 50, கடைசிப் பத்து நிமிடம் சும்மா. தண்ணீர் குடிக்க, நாற்காலி அடுக்க. அந்தப் பத்து நிமிடத்தைப் பேச்சு தின்றுவிடாமல் பாருங்கள். நெஞ்சு கனத்தவர் நேராக வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பக் கூடாது.

பயிற்சி முதலில் என்பது சரியான வரிசைதான். அமெரிக்காவில் விளையாட்டுச் செய்தியாளர் ஜே கிளேசரும் முன்னாள் சிறப்புப்படை வீரர் நேட் போயரும் முன்னாள் படைவீரர்களையும் விளையாட்டு வீரர்களையும் சேர்த்துவைக்க 2015இல் தொடங்கிய 'மெர்ஜிங் வெட்ஸ் அண்ட் பிளேயர்ஸ்' அமைப்பும் இப்படித்தான் நடத்துகிறது. பக்கத்தில் நின்று எடை தூக்கியவரிடம் வாய் திறப்பது, எதிரெதிரே நாற்காலி போட்டு ஆரம்பிப்பதைவிட எளிது.

பயிற்சியில் முதலில் கெடுப்பது போட்டி மனப்பான்மை. நேரம் குறிக்காதீர்கள், எண்ணிக்கையைப் பலகையில் எழுதாதீர்கள். நேற்றுவரை பதக்கத்துக்கு ஓடியவரும் முழங்காலில் உலோகம் வைத்தவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

அடுத்தது மூச்சிரைப்பு. வேகமான இதயத்துடிப்பு, வியர்வை, நெஞ்சு இறுக்கம் எல்லாம் பதற்றத் தாக்குதலிலும் அப்படியே வரும், உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. முதல் மூன்று வாரம், முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே செய்ய முடிகிற வேகம் போதும்.

எடைத்தட்டைத் தரையில் போடுவதும் திடீர் விசிலும் வேண்டாம். கதவுக்கு முதுகு காட்டுகிற இரண்டு நாற்காலிகளில் நடத்துபவர்களே உட்காருங்கள். படையில் இருந்தவர்களில் பலருக்கு அந்த இடத்தில் உட்கார்ந்தால் காது முழுக்கப் பின்னால்தான் இருக்கும், பேச்சு ஏறாது. கதவைத் தாழிட வேண்டாம்.

பதில் 2 (நீள்மூச்சு, ஆலோசகர்):
இரண்டாவது கேள்விக்கு: தடுக்கத்தான் வேண்டும். பேச்சின் நடுவில் தடுத்தால் நோகும், முதல் நாளே எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டால் நோகாது. விதி இதுதான்: நடந்ததை ஒரே வரியில் சொல்லலாம், அது இன்றைக்கு என்ன செய்கிறது என்பதைத் தன் முறைக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். 'வண்டி வெடித்தது, கூட இருந்தவர் போய்விட்டார்' என்பதோடு நிறுத்தலாம். 'அதிலிருந்து முன்சீட்டில் உட்கார முடியவில்லை, பிள்ளையைப் பள்ளியில் விட மனைவிதான் போகிறாள்' என்பதுதான் வட்டத்துக்கான பேச்சு. மற்றவர்களால் உதவ முடிவதும் அதில்தான்.

'கொட்டித் தீர்த்தால் பாரம் இறங்கும்' என்று எல்லோரும் சொல்வார்கள், பாதிதான் உண்மை. ஒரு கோர நிகழ்வு முடிந்த கையோடு எல்லோரையும் உட்காரவைத்து ஒரே அமர்வில் விவரிக்கச் செய்யும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அது பிடிஎஸ்டியை (கோர நிகழ்வுக்குப் பின் நீடிக்கும் மன அழுத்த நோயை) தடுக்கவில்லை, சிலருக்குத் தீங்கும் செய்கிறது என்று ஆய்வுகளில் தெரிந்தபின் முக்கிய மருத்துவ வழிகாட்டுதல்கள் இப்போது அதைப் பரிந்துரைப்பதில்லை. நினைவைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் சிகிச்சை வேறு. அது பயிற்சி பெற்றவரோடு தனியாக, வழக்கமாக 8 முதல் 15 அமர்வு, ஒவ்வொன்றும் 90 நிமிடம் வரை. பதற்றம் ஏறி, தணிந்து, மறுபடி அதே நினைவுக்குப் போவதில்தான் பலன். வட்டத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் நாலு நிமிடத்தில் ஏறும், தணியாது.

விதியை மீறி ஒருவர் அந்த நினைவுக்குள்ளே போய்விட்டால் 'நிறுத்துங்க' என்று சொல்லாதீர்கள். 'இதைச் சொல்லும்போது இப்போ உடம்புல எங்க இறுக்குது?' என்று கேளுங்கள், நிகழ்காலத்துக்கு வந்துவிடுவார். கண் நிலைகுத்தி, பதில் வரவில்லையா? பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல்லி, அறையில் தெரிகிற ஐந்து பொருளைச் சொல்லச் சொல்லுங்கள். தொடவே கூடாது. நடத்துபவர் இருவர் இருப்பது இதற்காகத்தான்: ஒருவர் அவரோடு, மற்றவர் வட்டத்தோடு.

விளையாட்டுக்காரர்களிடம் சிக்கல் தலைகீழ். 'நான் என்ன போருக்கா போனேன்' என்று சுருங்கிவிடுவார்கள். ஆகவே இருவருக்கும் பதில் இருக்கிற கேள்வியாகத் தொடங்குங்கள்: 'காலை ஆறு மணிக்கு என்ன செய்யணும்னு முன்னாடி இன்னொருத்தர் சொல்வாங்க. இப்போ அந்த ஆறு மணி எப்படிப் போகுது?' அட்டவணை, அணி, தன்னை அழைக்கிற பெயர், மூன்றும் ஒரே நாளில் போனவர்கள் இரு பக்கமும்.

பதில் 3 (மருந்துச்சீட்டு):
அனுப்பும் கட்டம் பற்றி. மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 கேள்வித்தாளில் ஒன்பது கேள்விகள்தான், மொத்த மதிப்பெண் 27. 10 வந்தால் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்பதாவது கேள்வி சாவு, தற்காயம் பற்றியது. அதில் பூஜ்யம் தவிர எது வந்தாலும் மொத்தத்தைப் பார்க்காமல் அன்றைக்கே தனியாகப் பேசுங்கள். 'தற்கொலை பற்றி யோசிக்கிறீங்களா?' என்று அந்தச் சொல்லையே போட்டுக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் முளைக்காது. 'தப்பா எதுவும் யோசிக்கலையே?' என்று கேட்டால் 'இல்லை'தான் வரும், கேள்வியே அதைத்தான் கேட்கிறது. திட்டமும் கையில் வழியும் இருந்தால் தனியே விடாதீர்கள், அவசர சிகிச்சைக்குக் கூடவே போங்கள். துப்பாக்கி, சேர்த்துவைத்த மாத்திரை எதுவானாலும் கைக்கெட்டாத இடத்துக்குப் போக வேண்டும்.

எண் எழுதிய சீட்டைக் கொடுத்தனுப்புவது அனுப்பியதாகாது. பக்கத்தில் உட்கார்ந்து போன் போட்டு நாளும் நேரமும் வாங்குங்கள்.

மனப்பிரச்சினை மாதிரியே தெரியும் வேறு சிலவும் உண்டு. குத்துச்சண்டை, ரக்பி, வெடி அதிர்ச்சி என்று தலையில் அடிபட்டவரின் எரிச்சலும் மறதியும், மிகைப் பயிற்சியால் வரும் களைப்பு, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவது. மருத்துவரிடம் இவற்றையும் சொல்லச் சொல்லுங்கள். தினமும் அதிகமாகக் குடிப்பவரை 'இன்றோடு விட்டுவிடு' என்று யாரும் உசுப்பேற்றக் கூடாது. சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், மருத்துவக் கண்காணிப்பில்தான் குறைக்க வேண்டும்.

ஒரு கொசுறு: காயத்துக்குப் பிறகு துப்பாக்கி சுடுதலுக்கோ வில்வித்தைக்கோ போட்டியாளராக வந்தவர் இருந்தால், நடுக்கத்துக்குக் கொடுக்கும் 'புரோபிரனோலால்' என்ற மாத்திரை ஊக்கமருந்து விதிப்படி அந்த இரண்டிலும் தடைசெய்யப்பட்டது, போட்டி இல்லாத நாட்களிலும்கூட. மாத்திரையைத் தானே நிறுத்தாமல், விதிவிலக்கு அனுமதி பற்றி மருத்துவரிடம் கேட்கட்டும்.

புதுவட்டம்:
நன்றி. 'இங்கே பேசியது வெளியே போகாது' என்று சொல்லிவிட்டு, பிறகு மருத்துவரிடம் சொன்னால் நம்பிக்கை போய்விடாதா?

நீள்மூச்சு:
அப்படி மொட்டையாக வாக்குக் கொடுக்காதீர்கள். 'உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் வெளியே சொல்வோம், சொல்வதற்கு முன் உங்களிடம் சொல்வோம்' என்பதை ஒவ்வொரு வாரமும் தொடக்கத்தில் சொல்லுங்கள். புதிதாக ஒருவர் வந்தாலும் வராவிட்டாலும்.

இன்னொன்று. அதிகம் பேசியவர்தான் அடுத்த வாரம் வரமாட்டார், வீட்டுக்குப் போனதும் வெட்கம் பிடுங்கும். மறுநாள் மதியத்துக்குள் அவருக்கு ஒரு செய்தி: 'நேற்று பேசியதுக்கு நன்றி. அடுத்த வாரம் பேசணும்னு இல்ல, வந்து எடை மட்டும் தூக்கினாலும் போதும்.' நலம் விசாரிக்கும் கேள்வி எதுவும் அதில் வேண்டாம்.