‘வஜ்தா’ யாருடைய படம்? அந்த வேன் எதற்கு?

வடகரை:
சவுதிச் சிறுமிகளின் வாழ்க்கையை அப்படியே காட்டிய படம் ‘வஜ்தா’ (2012) என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். எரிச்சல்தான் வந்தது. தயாரித்தது ஜெர்மன் கம்பெனி. ஐரோப்பாக்காரன் கைதட்ட எடுத்த படம், அவ்வளவுதான்.

கயல்விழி:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். இயக்குநர் ஹைஃபா அல் மன்சூர் சவுதிப் பெண். ரியாத் தெருவில் ஆண்களோடு சேர்ந்து நிற்க முடியாமல் வேனுக்குள் உட்கார்ந்து வாக்கிடாக்கியில் சொல்லிச் சொல்லி எடுத்தார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

வடகரை:
சவுதி இளவரசர் அல்வலீதின் ரோட்டானா சினிமா நிறுவனமே துணைக்கு இருந்தது, அனுமதியும் இருந்தது. அப்புறம் எதற்கு வேன்?

கயல்விழி:
அனுமதி காகிதத்தில் இருந்தது சார், தெருவில் இல்லை. பெண் இயக்குநர் நடுத்தெருவில் ஆண்களை வேலை வாங்கினால் சும்மா விடுவார்களா? படத்தை முழுசாகப் பார்த்தீர்களா? அப்பா வீட்டுக் குடும்ப மரத்தில் ஆண்கள் பெயர் மட்டும்தான் இருக்கும், சைக்கிள் வாங்க ஏங்கும் அந்தப் பிள்ளை வஜ்தா தன் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் குத்தி வைப்பாள், பிறகு பார்த்தால் யாரோ பிடுங்கிப் போட்டிருப்பார்கள். இதை ஜெர்மன்காரனா சொல்லிக் கொடுத்தான்?

பழையரீல்:
சைக்கிளுக்கு ஏங்குவதெல்லாம் ஒரு கஷ்டமா? ஆப்கன் இயக்குநர் சித்திக் பர்மாக்கின் ‘ஒசாமா’ பாருங்கள். தாலிபான் காலத்துக் காபூலில் வீட்டுக்குச் சோறு போட, முடியை வெட்டிப் பையனாக வேலைக்குப் போகிறாள் ஒரு பெண்.

கயல்விழி:
யாருக்குக் கஷ்டம் அதிகம் என்று போட்டியா வைத்தோம்? போன மாதம் ஈரான் படத்தைப் பார்க்காமலேயே விமர்சனம் எழுதி மாட்டிக்கொண்டவர்தானே நீங்கள்?

பழையரீல்:
பாதி பார்த்தேன் என்று அன்றே சொன்னேன். அதையே எத்தனை நாள் இழுப்பீர்கள்?

வடகரை:
பேச்சை மாற்றாதீர்கள். வேன்?

கயல்விழி:
திரும்ப வேனா! சவுதியில் 2013-ல்தான் பெண்கள் பூங்காவில் சைக்கிள் ஓட்டலாம் என்றார்கள், அதுவும் ஆண் துணையோடு, உடலை மூடும் அபாயா அங்கி போட்டுக்கொண்டு. அங்கே தியேட்டர் திறந்தது 2018-ல். அதற்கு முன்னால் அந்தத் தெருவில் நின்று காட்டியவர் அவர். அந்த நாடே ஆஸ்கருக்கு அனுப்பிய முதல் படமும் இதுதான், வடகரைக்கு மட்டும் ஜெர்மன் படம்.

வடகரை:
தெருவில் எங்கே நின்றார்? வேனுக்குள் இருந்தார் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்?