வயதான குதிரைக்கு லாயத்தில் எதைப் பரப்புவது? உமி மூத்திரத்தை இழுக்கவே இல்லை

எலகங்கா_லாயம்:
வணக்கம். 26 வயது, காயடித்த ஆண்குதிரை. எடை 400 கிலோ இருக்கும். முன்னங்கால் மூட்டுத் தேய்மானம், கடைவாய்ப் பல்லும் தேய்ந்துவிட்டது. 12-க்கு 12 அடி அறை, சிமென்ட் தரை. இப்போது நெல் உமி 4 அங்குலம் பரப்புகிறோம். காலையில் மேலே காய்ந்த மாதிரிதான் தெரிகிறது. கிளறினால் அடியில் மூத்திரம் தேங்கி, கண் எரிகிற நெடி. பின்னங்கால் நடுமூட்டில் தோல் வழன்றுவிட்டது. வேலைக்கு ஒரே ஒரு சயிஸ் (குதிரையைப் பார்த்துக்கொள்ளும் ஆள்) தான். வைக்கோல், மரச்சீவல், கோகோபீட் (தென்னை நார்த் தூள்) மூன்றில் எது நன்றாக இழுக்கும்? மழை பிடிப்பதற்குள் மாற்றணும்.

ஹெப்பால்_குளம்பு:
உமியின் மேல்தோலில் சிலிக்கா அதிகம் சார். தண்ணீர் உள்ளே ஊறாமல் வழிந்து தரைக்குப் போய்விடும். 4 அங்குலத்தை 8 ஆக்கினாலும் இதேதான். உமியின் முனை கூர் வேறு, வழன்ற தோலை மேலும் அறுக்கும்.

வைக்கோலை யோசிக்கவே வேண்டாம். இந்த வயதில் படுக்கையைத் தின்ன ஆரம்பித்தால், சரியாக மெல்லாமல் விழுங்கியது குடலில் அடைத்து வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும். கரும்புச் சக்கையும் அப்படித்தான், இனிப்புக்குத் தின்னும், சீக்கிரம் பூஞ்சையும் பிடிக்கும்.

இழுக்கிற அளவை மட்டும் பார்த்தால் கோகோபீட்தான் முதல். தன் எடையைப் போல ஏழெட்டு மடங்கு பிடிக்கும். மரச்சீவல் இரண்டு மூன்று மடங்குதான். ஆனாலும் அறை முழுக்க கோகோபீட் போடச் சொல்ல மாட்டேன். பிடித்த ஈரத்தை விடாமல் வைத்துக்கொள்வதால் மேலேயும் சில்லென்று இருக்கும். நிறம் கரும்பழுப்பு, நனைந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. சுண்டக் காய்ந்தாலோ புழுதி. குதிரை படுத்தால் மூக்கு தரையோடு தரையாக இருக்கும். வயதான நுரையீரலுக்குத் தூசியும் அம்மோனியாவும் சேர்ந்து ஆகவே ஆகாது.

இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். முதலில் 18 மி.மீ. ரப்பர் பாய், 6-க்கு 4 அடி பாய் 6 வாங்கினால் அறைக்குச் சரியாக உட்காரும். இடுக்கு இல்லாமல் நெருக்கிப் போடணும், இல்லாவிட்டால் மூத்திரம் அடியில் இறங்கி அழுகும். பெட்டைக் குதிரை பெரும்பாலும் ஓரத்தை நனைக்கும், ஆண்குதிரை நடுவை. அதனால் நடுவில் 5-க்கு 5 அடிக்கு மட்டும் கோகோபீட் 2 அங்குலம், அதன் மேல் அறை முழுக்கச் சீவல் 6 அங்குலம். சுவரோரம் சுற்றிலும் ஒரு அடி உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். மூட்டு வலியுள்ள குதிரை சுவரை ஒட்டிப் படுத்துக் கால் மாட்டிக்கொண்டால் தானாக எழுவது கஷ்டம்.

கணக்கு: கோகோபீட் சுமார் 120 லிட்டர். சீவல் 72 கன அடி, ஓரத்துக்கும் சேர்த்து 90 வாங்குங்கள்.

எலகங்கா_லாயம்:
ரொம்ப நன்றி சார். நர்சரியில் 5 கிலோ கோகோபீட் கட்டி கிடைக்கிறது. ஊறவைத்து உதிர்த்துப் போடலாமா? நெடிக்குச் சுண்ணாம்பு தூவுகிறோம், அதைத் தொடரலாமா? சீவல் எங்கே நல்லதாகக் கிடைக்கும்?

திப்டூர்_தென்னை:
ஊறவைத்தால் வாங்கியதே வீண். அந்தக் கட்டி 20 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடித்துத்தான் உப்பும். குடிக்க வேண்டியதை முன்பே குடித்துவிட்டால் மூத்திரத்துக்கு இடம் ஏது? கட்டியாக இல்லாமல், கழுவிக் காயவைத்த உதிரித் தூளாகக் கேளுங்கள். கழுவாததில் உப்பு நிற்கும், குதிரை நக்கும். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். தண்ணீர் சொட்டினால் திருப்பிக் கொடுங்கள். உருண்டையாக நின்றால் இன்னும் வெயில் காட்டணும். கையை விட்டதும் உதிர்ந்து, ஊதினால் பறக்காமல் இருந்தால் அதுதான் பக்குவம்.

ஹெப்பால்_குளம்பு:
சுண்ணாம்பை இன்றைக்கே நிறுத்துங்கள். காரம் ஏறினால் அம்மோனியா இன்னும் வேகமாக வாயுவாகக் கிளம்பும். ஈரத்தில் பட்டால் அந்த வழன்ற தோலையும் எரிக்கும். லத்தியில் உள்ள கிருமிகளின் யூரியேஸ் என்ற நொதி மூத்திரத்தின் யூரியாவை உடைப்பதால்தான் நெடியே வருகிறது. ஒரே சயிஸ் என்றாலும் லத்தியை நாளுக்கு மூன்று முறையாவது எடுக்கச் சொல்லுங்கள். தினமும் காலையில் குதிரையை வெளியே கட்டி, நடுவில் நனைந்ததை அடியோடு வாரிவிட்டு, பாய் காய ஒரு மணி நேரம் திறந்து விடணும். பிறகு எடுத்த அளவுக்குப் புதியதைப் போடுங்கள். மேலே மேலே போட்டு வாரக்கணக்கில் விடுகிற முறை இந்தக் குதிரைக்கு ஒத்துவராது.

மைசூர்ரோடு_மரம்:
சீவலுக்கு மைசூரு ரோடு டிம்பர் யார்டு பக்கம் விசாரியுங்கள். 'இழைப்பு மெஷின் சீவல்' என்று கேட்டு வாங்கணும். அறுவை மில் தூள் மாவு மாதிரி, மூச்சுக்கு ஆகாது. பிளைவுட், எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேலை நடக்கும் பட்டறையில் எடுக்கவே கூடாது, பசை கலந்திருக்கும். பேக்கிங் பைன் மரம் என்றால் பலகையில் முத்திரை பாருங்கள்: எச்.டி. என்றால் சூடு காட்டியது, எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்ற பூச்சிகொல்லிப் புகை போட்டது, அது வேண்டாம். பரப்பும் முன் ஒரு பெரிய காந்தத்தைக் கயிற்றில் கட்டிச் சீவலுக்குள் இழுத்துவிடுங்கள். ஆணித் துண்டு ஒட்டிக்கொண்டு வரும்.

எலகங்கா_லாயம்:
சரி சார், கேட்டு வாங்குகிறேன். இன்னொன்று: இந்தக் குதிரை மற்றதைவிட நிறையவே நனைக்கிறது. வயசானால் அப்படித்தானா?

ஹெப்பால்_குளம்பு:
வயசு என்று விட்டுவிடாதீர்கள். தொட்டியை மூடிவிட்டு, அளந்த பக்கெட்டில் மட்டும் தண்ணீர் வைத்து மூன்று நாள் குறித்துப் பாருங்கள். 400 கிலோ குதிரைக்குச் சாதாரணமாக 20, 25 லிட்டர் போதும், வெயிலில் கூடும். தினமும் 40-ஐ நெருங்கினால் சிறுநீரகத்தையும், மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறையும் பார்த்தாகணும். நீளமான ரோமம் கோடையிலும் உதிராமல் நின்றால் சந்தேகம் இன்னும் பலம். டாக்டரிடம் ஏ.சி.டி.எச். (பிட்யூட்டரி சுரக்கும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனைக்குச் சொல்லுங்கள். பிட்யூட்டரி கோளாறில் குளம்பு வீக்கமும் எளிதில் வரும் என்பதால், படுக்கை மாறும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.