இக்னிஷன் டைமிங்: ஐடிலில் சரி, ஏற்றத்தில் நாக்கிங். எங்கே தவறுகிறேன்?

நண்பர்களே, வணக்கம். டிஸ்டிரிபியூட்டரும் (ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்பும் பாகம்) கார்புரேட்டரும் உள்ள பழைய நான்கு சிலிண்டர் கார் என்னுடையது. பல வாரங்களாக இதே வேலையாக இருக்கிறேன்.

டிஸ்டிரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலில், அதாவது நிமிடத்துக்கு 800 சுற்றில், ஸ்பார்க் வரும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டைப் பிடித்தேன். கையேடு சொல்வதுபோல் பிஸ்டன் உச்சிக்கு 10 டிகிரி முன்னதாகவே ஸ்பார்க் வருகிறது. கப்பியின் குறியும் ஆடாமல் நிற்கிறது. ஆனால் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் நாக்கிங் சத்தம் (சிலிண்டருக்குள் கலவை தாறுமாறாக வெடிக்கும் ஓசை) கேட்கிறது. கேட்கும்போதே மனம் பதறுகிறது. 6 டிகிரிக்குக் குறைத்தால் சத்தம் நின்றுவிடுகிறது, ஆனால் இழுவையும் போய்விடுகிறது, இன்ஜினும் சூடாகிறது.

வேகம் கூடக் கூட ஸ்பார்க் முந்த வேண்டும் என்பது புரிகிறது. கலவை எரிய நேரம் வேண்டுமே. ஆனால் வேக்குவம் இல்லாமலே 3000 சுற்றில் 42 டிகிரி காட்டுகிறது. கையேட்டில் இருப்பதோ 34. வேகத்துக்கேற்ப ஸ்பார்க்கை முந்தச் செய்யும் டிஸ்டிரிபியூட்டர் எடைகளை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள் தளர்ந்திருக்கும் என்பது என் சந்தேகம். அப்படியென்றால் 800 சுற்றிலேயே அட்வான்ஸ் (ஸ்பார்க் முந்துவது) தொடங்கியிருக்கலாம், நான் பார்க்கும் 10 டிகிரியே பொய்யாக இருக்கலாம். ஐடிலை இன்னும் இறக்கிப் பார்த்தால் இது தெரிந்துவிடுமா? அல்லது எடைகள் அளவுக்கு மேல் விரியாமல் தடுக்கும் புஷ் தேய்ந்திருக்குமா?

இன்னொன்று: ஸ்பிரிங் கிடைக்கும்வரை 3000 சுற்றில் 34 டிகிரி வருமாறு வைத்து ஓட்டலாமா? ஐடில் 2 டிகிரிக்கு இறங்கிவிடுமே என்று தயங்குகிறேன். டிஸ்டிரிபியூட்டரைப் பிரித்துப் பார்த்தவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள்.